சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்றவர்

வியாழக்கிழமை காலை மருமகள் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பேசியது குமரன். "அங்கிள், அப்பா போயிட்டாங்க" என்றார். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அமெரிக்காவில், இந்த ஃப்ரீமாண்ட்டில் எனக்கென்று இருந்த ஒரே எதிரி அம்பலவாணர் ஐயா. இனி அவரும் இல்லை.

நம் தமிழ்ச் சங்க மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு நானாகப் படித்துக்கொண்டவன் நான். நல்லதை எழுதுவேன். மற்றதையும் எழுதுவேன்.

ஐயா எங்கள் ஜில்லாக்காரர். ஒன்றியத் தலைவராக இருந்து மந்திரியானவர். பாசனமும் மின்சாரமும் அவர் இலாகா. கம்பத்தில் ஏறிய லைன்மேன் ஒருவர் ஷாக்கடித்து இறந்தபோது, அந்த வீட்டுக்குப் போய் மத்தியானம் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தார் என்று ஊரே சொல்லும். அவரைப் பார்க்க யாரும் சிபாரிசு பிடிக்க வேண்டியதில்லை. கதவு திறந்திருக்கும், மோர் கொடுப்பார்கள்.

நானும் அந்த மோரைக் குடித்திருக்கிறேன். மழை பொய்த்த வருஷம் அது. தாராபுரம் பக்கம் என் வாழை குலை தள்ளும் நேரம். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. நேரில் போய்ச் சொன்னேன். "பேசியிருக்கேனுங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துரும்" என்றார். சாயங்காலம் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. தோட்டம் நின்றபடியே காய்ந்தது.

பிறகு அவர் தேர்தலில் தோற்றார், மனைவியை இழந்தார், மகன் குமரன் இங்கே அழைத்துவந்துவிட்டார். என்னையும் என் மகன் அழைத்துவந்தான். பூங்காவில் அவரைப் பார்த்த முதல் நாளே கேட்டேன். "அன்னிக்கு யாருகிட்டப் பேசுனீங்க?" சிரித்து மழுப்பினார். தினமும் கேட்டேன். தினமும் மழுப்பினார். ஆனாலும் தினமும் வந்தார்.

மூச்சுத் திணறல் முற்றி அவர் வீட்டோடு அடங்கியதும் நான் அங்கே போகத் தொடங்கினேன். இந்த வருஷம் காட்டுத்தீ பயத்தில் கலிபோர்னியாவிலும் கரண்டை நிறுத்தினார்களே, அப்படி ஒரு பகலில் அவருடைய ஆக்சிஜன் மெஷின் கூவிவிட்டு நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரைக் குமரன் மாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து மளிகைக்கடை சலீம் உள்ளே நுழைந்தார்.

"என்ன மினிஸ்டர் அங்கிள், உங்க ராசி இங்கயும் வந்துடுச்சா? ஃப்ரீஸர்ல ஐஸ்கிரீம் எல்லாம் உருகுது. கரண்ட் எப்ப வரும்?"

ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்கில் குழாயோடு, "பேசியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள வந்துரும்" என்றார்.

சலீம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார். ஐயா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"யாருகிட்டயும் பேசலீங்க. அணையில தண்ணி இல்ல, கரண்ட்டும் எடுக்க முடியல. யாருகிட்டப் பேசறது? தண்ணியும் கரண்டும் என் இலாகா. மழை என் இலாகா இல்லீங்களே."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்திருப்பேனே! மந்திரியே சொல்லிட்டாருன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டுக் காத்துக் கிடந்தேன்."

"வர்றவங்களை வெறுங்கையோட அனுப்ப மனசு வரலீங்க."

"வெறுங்கையோடதான் அனுப்புனீங்க. எனக்குத் தெரியாம அனுப்புனீங்க."

சிலிண்டரின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கரண்டைக் கொண்டுவர அவராலும் முடியாது, என்னாலும் முடியாது. காத்திருந்தோம்.

கடைசி வாரம் அவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்; செவ்வாய்க்கிழமை மகன் காரில் போய்ப் பார்த்தேன். ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "இன்னும் கோபம்தானுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப நாளைக்கும் வாங்க."

மறுநாள் மகன் ஆபீஸில். மருமகளுக்கு மீட்டிங். நடந்தே போகிறேன் என்றேன். "ஃப்ரீவே தாண்டணும் மாமா, நடக்கவே வழி கிடையாது" என்றாள். சட்டையை மாற்றிக்கொண்டு கராஜ் முன்னால் இருட்டும் வரை நின்றேன். தெரிந்தவர் யாருடைய காரும் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை.

ஐயா, கோபம் அப்படியேதான் இருக்கிறது. என்னால்தான் வந்து சேர முடியவில்லை. போய் வாருங்கள்.