நைனா விட்ட படி

திருப்பதியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கோள் சுற்றுவதற்கும் வேர்க்கடலை முளைப்பதற்கும் விதிகள் போதும், மேலே உட்கார்ந்து யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்வேன். இன்றைக்கும் என் எண்ணம் அதுதான். சொல்லும்போது இருந்த திமிர்தான் போய்விட்டது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். விஜயபுரம் பக்கம் வேர்க்கடலை பயிரிட்டு என்னைப் படிக்கவைத்தவர். எனக்கு வேலை கிடைத்தால் அலிபிரியிலிருந்து திருமலை வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது. அதற்குள் அவருக்கு முட்டி போய்விட்டது. ஒரே மூச்சில் முடியாமல், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வந்து முடிந்தவரை பூசுவார். அடுத்த வாரம் விட்ட படியிலிருந்து தொடங்குவார். எந்தப் படி என்பது அவர் மனசில் மட்டும் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை கல்லூரி நண்பர்களோடு அந்தப் பக்கம் போனேன். நைனா குனிந்து மஞ்சள் பூசியபடி படிக்குப் படி நொண்டிக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று.

“பரீட்சை எழுதினது நானு. கல்லுக்கு எதுக்கு நைனா மஞ்சா?”

“நீ படிச்சிக்கினு இருந்த, நான் வேண்டிக்கினு இருந்தேன். எனக்கு வேற இன்னாடா தெரியும்?”

“உன் முட்டி வலிக்குதுன்னு இந்தப் பிரபஞ்சத்துக்குத் தெரியவே தெரியாது” என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். நைனா மஞ்சள் டப்பாவை மூடினார். பிறகு மலைப்பக்கம் வரவேயில்லை.

பக்கவாதத்தில் விழுந்தபோது பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் மூன்று விரலால் படுக்கை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தது. மஞ்சள் பூசுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

“எந்தப் படியில வுட்ட நைனா? நான் முடிக்கிறேன்” என்று காதருகில் கேட்டேன். என்னையே பார்த்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

போன புரட்டாசியில் மஞ்சளோடு அலிபிரிக்குப் போனேன். பக்தி ஒன்றும் வந்துவிடவில்லை. பாழாய்ப்போன மனசு உறுத்தியது, அவ்வளவுதான். எங்கே விட்டார் என்று தெரியாததால் முதல் படியிலிருந்து தொடங்கினேன். பத்துப் படி முடித்திருப்பேன். மலையேற வந்த என் மாணவி ஒருத்தி, சத்தியவேட்டுப் பெண், நின்றுவிட்டாள்.

“மேல யாரும் பாக்கலன்னு சொன்னீங்களே சார்?”

“பாக்கலதாம்மா” என்றேன். “எங்க நைனாகூடப் பாக்கல.”

அடுத்த படிக்குக் குனிந்தேன்.