ஒரே ஹெட்போன்

நேற்று ஆட்டோவில் சாய்ந்தபோது, சீட்டில் ஊறிப்போயிருந்த யார் யாரோ தலையெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. குமட்டலோடு கூடவே, தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த கேசட் பதியும் கடையும் நினைவில் வந்து நின்றது. இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.

பதிந்த பாட்டைக் கேட்டுப் பார்க்க அந்தக் கடையில் ஒரே ஒரு ஹெட்போன்தான். அதன் பஞ்சு கறுத்துப் பிசுபிசுக்கும். சாயப்பட்டறையிலிருந்து வரும் சௌராஷ்டிரக்காரரின் வியர்வையும், பாயின் அத்தரும், சர்ச் ஸ்கூல் டீச்சரின் பவுடரும், எங்கள் வீட்டு விளக்கெண்ணெயும் அதில் ஒன்றாய்க் குழைந்திருக்க, ஒருவர் கழற்றிய சூட்டோடு அடுத்தவர் மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டுவார். நான் மட்டும் அருவருத்து, தாவணியைக் காதுக்கு அண்டக்கொடுத்துக் கேட்பேன்.

ஒருநாள் எங்கள் தெருக்காரர் ஒருவர் புது ஹெட்போனோடு வந்தார்.

"அண்ணே, இது நம்ம ஆளுகளுக்கு மட்டும். அம்புட்டுப் பேரு அழுக்கையும் நாம எதுக்குச் சுமக்கணும்?"

கடைக்காரர் அதில் ஒரு மஞ்சள் கயிறு கட்டி ஆணியில் மாட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளில் நாலு ஆணி, நாலு நிறத்தில் கயிறு.

எங்களுடையதை எடுத்து மாட்டினேன். பஞ்சு அப்படியொரு சுத்தம்; தாவணி தேவைப்படவில்லை. எனக்கு உண்மையாகவே குமட்டியது அன்றைக்குத்தான். பக்கத்தில் பாயும் டீச்சரும் அவரவர் கயிற்றோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு வயரும் ஒரே பின்னில் கூடிச் செருகியிருந்தது ஒரே டேப்ரெக்கார்டரில்.