மாமனாரின் பம்பர்

1. கெட்டில் கொதித்துவிட்டது

ஜெலுத்தோங் ஃபிளாட் ஒன்றின் கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். வேலைக்குக் கூப்பிட்ட குமரன் கொதிக்கும் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, சீக்கிரம் ஊத்துங்கண்ணே. மூணு மணிக்கு மாமா வந்துருவாரு."

அப்போது மணி ஒன்று. அவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம், குடியிருப்பது மாமனார் வீட்டில். மாமனாருக்கு புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். காரை, எங்கள் பேச்சில் காடியை, யாருக்கும் தராத மனிதர், அன்றுதான் முதல் தடவையாகச் சாவியை மருமகனிடம் கொடுத்திருந்தார். இவன் காய்கறி வாங்கப் போன பாசாரில் ரிவர்ஸ் எடுத்துத் தூணில் இடித்துவிட்டான். பின் பம்பரின் இடது மூலை உள்ளே போய்க் கிடந்தது.

"ஒன்பது வருஷமா ஒரு கீறல் இல்லாத காடின்னு மூணு தடவை சொல்லிக் கொடுத்தாருண்ணே. இனிமே அந்த வீட்ல நான் எப்படி உக்காந்து சாப்பிடுறது?"

நான் படிப்பைப் பாதியில் விட்டுக் காடிப் பட்டறைக்குப் போனவன். முப்பது வருஷம் அங்கே இருந்துவிட்டு, இப்போது வீடு வீடாகப் போய்ச் செய்கிறேன். இயல்பிலேயே பயந்தவன். வாசல் கதவைப் பூட்டிவிட்டு, பாதி வழியிலிருந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் இந்தத் தொழிலில் அந்தப் பயம் என்னைக் கைவிட்டதே இல்லை.

2. தட்டிப் பார்த்தேன்

பிளாஸ்டிக் பம்பர் ஒடுங்கினால் சுடுதண்ணீர் ஊற்றுவார்கள். பிளாஸ்டிக் இளகும். பின்னாலிருந்து தள்ளினால் வெளியே வரும். உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நின்றுவிடும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் என்றால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும். பழைய உடைசலைப் பட்டி வைத்து மூடியிருந்தால் சத்தம் அமுங்கிப் போகும். அந்தப் பட்டியைப் பட்டறையில் 'சிமென்' என்போம். சிமென் வளையாது. சூடுபட்ட இடத்தைத் தள்ளினால் அது வெடித்து, பெயிண்டையும் உரித்துக்கொண்டு வரும்.

மூலையில் தட்டினேன், நல்ல சத்தம். ஒடுக்கின் ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, நம்பர் பிளேட் பக்கம் தட்டினேன். அமுங்கியது. மறுபடி தட்டினேன். கீழே படுத்து டார்ச் அடித்தேன். உள்பக்கம் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய தழும்பு. அழுக்கேறியிருந்தது, பல வருஷத்து வேலை.

ஒரு கீறல் இல்லாத காடியாம்! சொன்னால், புது மருமகன் முன்னால் மாமனார் பொய்யராகிவிடுவார். சொல்லாமல் ஊற்றினால் பெயிண்ட் உரியும், பழி இவன் தலையில் விழும்.

"என்னண்ணே, படுத்துக்கிட்டு சாமி கும்பிடுறீங்களா?"

"கெட்டில கீழ வை தம்பி. வீட்ல ஹேர் டிரையர் இருக்கா?"

"யூட்யூப்ல ஊத்துறாங்கண்ணே!"

"அவன் காடிக்கு அவன் ஊத்துறான் லா. இது உன் மாமா காடி. பெயிண்ட் பழசு, தாங்காது. போய் எடுத்துட்டு வா."

அவன் மனைவி கவிதா ஹேர் டிரையரும் இரண்டு டவலும் கொண்டுவந்தாள். கீழ்வீட்டு ஜன்னல் வழியாக வயர் இழுத்தோம். சூடு ஏறாமலிருக்க ஒரு டவலை நனைத்துச் சிமென் மேல் போர்த்தினேன். டயர் மேல் உள்ள பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி, மூலைக்கு மட்டும் உள்ளிருந்து சூடு காட்டினேன். கையுறை போட்ட கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி வந்துவிட்டது.

3. பஸ் முந்திக்கொண்டது

மெஷின் நின்றுபோனதால் அன்று தொழிற்சாலையில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். இரண்டரைக்கே மாமனார் வந்து நின்றார். தரையிலிருந்த கெட்டிலைப் பார்த்ததும் போட்டாரே ஒரு சத்தம்!

"ஐயோ மாப்பிள்ளை! நம்பர் பிளேட் பக்கம் சுடுதண்ணி ஊத்திட்டீங்களா?"

கவிதா ஹேர் டிரையரை அணைத்தாள். "அப்பா, நம்பர் பிளேட் பக்கம் என்ன இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த மறைப்பின் கிளிப்பைப் பார்த்தேன்.

"சிமென் இருக்கும்மா," என்றார் கடைசியில். "காடி வாங்குன மறுமாசம், ஃபேக்டரி கேட்ல. உங்கம்மாவுக்குத் தெரியாது."

"மாமா, நான் பாசார் தூண்ல..." குமரன் பம்பரின் மூலையைக் காட்டினான்.

"பார்த்தாலே தெரியுதே மாப்பிள்ளை. நான் நடுவுல இடிச்சேன், நீங்க ஓரத்துல இடிச்சிருக்கீங்க." சட்டையை மடித்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். "டவல் காயுது பாருங்க, நனைச்சுக் கொடுங்க." மருமகன் ஓடினான். அவர் என் காதோரம் குனிந்தார். "அண்ணே, நாலு மணிக்கு வீட்டுக்காரி வந்துருவா. முடிஞ்சிருமா?"

"முடிச்சிடலாம்," என்றேன். முடித்தேன். பக்கவாட்டில் நின்று பார்த்தால் லேசான கோடு தெரியும், அவ்வளவுதான்.

சிமென் உடையாததற்கு என்னை மெச்சிக்கொள்ளலாம். ஆனால் தப்பும் என்னுடையதுதான். காடிக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கை வைத்துவிட்டேன். அவரைக் கேட்டிருந்தால் நான் தரையில் படுத்துத் தேடியிருக்க வேண்டியதில்லை. இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும், "காடிக்காரர்கிட்ட போனைக் கொடுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். சிலர் உடனே போனை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும். அந்த வேலை எனக்கு வேண்டாம்.