அவன் எண்ணிக்கொண்டுதான் நின்றவனாம்

நேற்றுக் காலை குசினியில் கருவாடு பொரித்துக்கொண்டு நிற்கும்போது போன் கிணுங்கியது. முன்பு துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கென்று யாரோ ஒரு குழு தொடங்கி என்னையும் அதில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். திறந்தால் முதலில் ஒரு பூட்டுப் படம். இங்கே பேசுவதை வெளியாட்கள் எவராலும் வாசிக்கவோ கேட்கவோ முடியாதாம். அதற்குக் கீழே மாலை போட்ட இராசநாயகம். ‘கடுஞ்சொல் அறியாதவர், ஒருவரையும் நோகப் பேசாதவர்’ என்று மகள் எழுதியிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியில் கிடந்த கருவாடு கருகிப்போனது. செத்தவனைப் பற்றிக் கூடாமல் கதைக்கக் கூடாது என்பீர்கள். நீங்கள் அவனோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்தவர் இல்லை. பேசாமல் கேளுங்கள்.

கருகின மணம் வந்தால் எனக்கு அடுப்பு ஞாபகம் வராது. திருகோணமலைத் துறைமுகத்து வாசலுக்கு உள்ளே, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறைதான் வரும். சூட்டுக்கோலில் ஈயம் உருகும் புகை, வெயிலில் வெந்த பிளாஸ்ரிக், இராசநாயகம் தலைக்கு அப்பிக்கொண்டு வரும் எண்ணெய், எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம். இழுவைப் படகுகளுக்கும் காவல் படகுகளுக்கும் வோக்கி செற் திருத்துவது எங்கள் வேலை. நான் சல்லிக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் போவேன். அம்மா சந்தையில் கருவாடு விற்றவ. வீட்டு முற்றம் முழுக்க மீன் காயும். எவ்வளவு பவுடர் போட்டாலும் அந்த மணம் என் சட்டையை விட்டுப் போகாது. எனக்கு அது மணமாகவே தெரிந்ததில்லை, தெரியவைத்தவன் இராசநாயகம்.

நாங்கள் இரண்டு பேர். நிரந்தரமாக்கப்போகிற வேலை ஒன்று. இதற்கு மேல் பகைக்குக் காரணம் வேண்டுமா? வயர் வெட்டுகிற என் குறட்டை ஒளித்துவைப்பான். நான் பூட்டின செற்றைக் கழற்றி ஒரு வயரை இழுத்துவிடுவான். மனேச்சர் வந்தால் மட்டும் முகத்தில் பால் வடியும். மேசையில் அவனுக்கு நான் ‘தங்கச்சி’, எனக்கு அவன் ‘அண்ணை’. வாங்கோ, இருங்கோ என்று அப்படியொரு மரியாதை. பார்க்கிறவர்களுக்குக் கண் நிறையும்.

சண்டை முழுக்கச் செற்றில்தான் நடந்தது. காவல் படகுகளின் செற்றுகள் லேசுப்பட்டவை இல்லை. பேச்சைக் குழப்பி அனுப்பும், அதே சாவி ஏற்றின மற்றச் செற் மட்டும்தான் அதைத் திரும்பப் பேச்சாக்கும். துறைமுகத்தில் உள்ள மற்றச் செற்றுகளுக்கெல்லாம் மழை இரைச்சல்தான் கேட்கும். திருத்தி முடித்தால் ஒருவர் பட்டறையில் நிற்க, மற்றவர் படகு கட்டும் ஜெட்டி முனைக்குப் போய்ப் பேசிப் பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போதாது. குரல் எங்கே உடைகிறது என்று தெரிய மனிதர் கதைப்பதுபோலக் கதைக்க வேண்டும். அப்படியானால் நாங்கள் என்ன கதைப்போம்? எவருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வயிற்றில் கிடந்ததையெல்லாம் கொட்டினோம்.

“நேற்று நீ திருத்தின செற் இண்டைக்கும் செத்துப்போய் வந்திருக்குது. உனக்கெல்லாம் ஏன் இந்த வேலை? ஓவர்.”

“என்ர குறட்டைக் களவெடுத்த கள்ளன் நீ. முதல்ல அதைத் தா. ஓவர்.”

ஒருவர் பொத்தானை விடும்வரை மற்றவர் வாய் திறக்க ஏலாது. ஏச்சு நாக்கு நுனியில் நிற்கும், அவன் முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவ்வளவு பண்பாக ஒரு சண்டையை நான் வேறு எவரோடும் பிடித்ததில்லை. என் புருஷனோடுகூட இல்லை.

நிரந்தர வேலை யாருக்கு என்று அறிவிக்க இருந்த கிழமை அது. நான் ஜெட்டி முனையில் நின்றேன். பக்கத்தில் ஒரு இழுவைப் படகு எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நின்றது. இராசநாயகம் பட்டறையிலிருந்து தொடங்கினான்.

“உன்ர கைபட்ட செற் எல்லாம் கருவாடு நாறுது. கொம்மாவோட சந்தையில குந்தியிருக்க வேண்டியவள். ஊத்தைச் சாதிக்கு உத்தியோகம் கேக்குதோ? ஓவர்.”

என்னை என்னவும் சொல்லட்டும். அம்மாவை இழுத்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை.

“அட நன்றிகெட்ட நாயே! என்ர அம்மா தந்துவிட்ட கருவாட்டை விரலைச் சூப்பிச் சூப்பித் திண்டவன்தானேடா நீ! உனக்கு ஈயம் வைக்கவும் தெரியாது, மனேச்சருக்குக் கால் பிடிக்கத்தான் தெரியும். அந்த விசரனும் அதுக்குத்தான் உன்னை வைச்சிருக்கிறான். ஓவர்!”

அவன் இன்னும் இரண்டு தரம் அம்மாவைச் சொன்னான். அமைதியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நான் இன்னும் இரண்டு தரம் கத்தினேன். கடைசித் தரம் கத்தும்போது படகு எஞ்சினை நிறுத்தியது. அப்போதுதான் படகின் ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே கேட்டது. மேல்தட்டில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

என் செற்றின் தலையில், பேச்சைப் பூட்டவும் திறக்கவும் திருகுகிற சின்னக் குமிழை அன்று காலை கழற்றி மாட்டினவன் அவன். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தான். குமிழின் கோடு பூட்டுப் படத்தில் நிற்க, உள்ளே செற் திறந்து கிடந்தது. திறந்த பேச்சை அவனுடைய செற்றும் எடுக்கும். தெரியாமல் மாட்டினான் என்றே வைத்துக்கொள்வோம். பூட்டின பேச்சு தகரப் பேணிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். என் குரல் தெளிவாக வந்த முதல் சொல்லிலேயே அவனுக்கு விளங்கியிருக்கும். விளங்கித்தான் இன்னும் இரண்டு தரம் சொன்னான். அவன் பேசினது மட்டும் பூட்டியபடியே வந்தது, சாவி ஏற்றின என் செற் அதை எனக்கு மட்டும் பேச்சாக்கித் தந்தது. ஊர் முழுக்க நான் ஏசினதைக் கேட்டது, நடுநடுவே கொஞ்சம் மழை இரைச்சல்.

மனேச்சர் இருவரையும் கூப்பிட்டு, அவனிடம் கேட்டார், “நீர் என்ன சொன்னனீர்?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை சேர். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணிக்கொண்டுதான் நிண்டனான். பாவம் தங்கச்சி, வீட்டில ஏதும் பிரச்சினையாக்கும்.”

அவன் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். “வேற ஆருக்குக் கேட்டது?” என்றார் மனேச்சர். ஒருவருக்கும் கேட்கவில்லை. அவனுக்கு வேலை நிரந்தரமானது. துறைமுகத்துக்குள் வர எனக்குத் தந்த பாஸை வாசலில் வாங்கிவைத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

பின்னேரத்துக்குள் கதை சந்தைக்குப் போய்விட்டது. அம்மா பெட்டியை இறக்கிவைத்த கையோடு கேட்டா, “அவன் என்னடி சொன்னவன், நீ அப்பிடிக் கத்துறதுக்கு?”

நாள் முழுக்க வெயிலில் குந்தியிருந்து வந்த முகம். அந்த முகத்தைப் பார்த்து நான் எதைச் சொல்ல? “ஒண்டும் சொல்லேல்லையம்மா. எண்ணினவன்” என்றேன்.

“எண்ணினவனுக்கோடி இந்த ஏச்சு?”

அடுத்த நாள் நல்ல கட்டாக் கருவாடாகப் பார்த்துப் பொறுக்கி, கடதாசியில் சுற்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்கே போனா அம்மா. நான் காலைப் பிடித்து மறிக்காத குறை. திரும்பி வந்து சொன்னா, “தங்கமான மனிசனடி. கோவமே இல்லை. ரெண்டு கையாலயும் வாங்கினவர்.” சாகும்வரைக்கும் அவவுக்கு அவன் தங்கம், நான் வாய்க்காரி.

இப்போது அந்தப் பட்டறை இல்லை. தகரத்தைக் கழற்றி வாகனம் விட இடமாக்கிவிட்டார்கள். அந்தச் செற்றுகளை விற்கக்கூடாது என்று சுத்தியலால் அடித்து நொறுக்கினார்களாம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா. இப்போது அவனும் போய்விட்டான். அவன் சொன்னதைக் கேட்ட காது உலகத்தில் என்னுடையது மட்டும்தான். மன்னித்துவிடு என்று யாரும் என்னிடம் வராதீர்கள், மாட்டேன்.

இன்று காலை அவனுடைய மகள் எனக்குத் தனியாகக் குரலில் ஒரு செய்தி போட்டிருந்தாள். நல்ல பிள்ளைபோல இருக்கிறது, குரலில் அழுகை.

“அன்ரி, அப்பாக்கு உங்கட அம்மாவின்ர கருவாடு எண்டால் உயிர். கடைசி மட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர். எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு அவருக்கு விருப்பமானதெல்லாம் படைக்க வேணும். அந்தக் கருவாடு இப்ப எங்க வாங்கலாம்?”

நான் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பழைய ஏச்செல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. பிறகு சொன்னேன்.

“இனி வாங்க ஏலாது, பிள்ளை. அதைப் போட்டவ செத்துப்போனா. ஓவர்.”