நாய்ப் படத்துக்கு எழுதிய வசனம்

இதை எழுத வேண்டும் என்று நோட்டைத் திறந்ததும், பிறகு திருநீற்றைப் பூசிக்கொண்டு மூடி வைத்ததும் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். எழுதத் தெரியாமல் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் என்றாலும், எங்கள் தெரு அம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஏழெட்டு நாடகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்தால் மட்டும், இரண்டாம் பக்கம் வருவதற்குள் நான் கொஞ்சம் நல்லவனாகிவிடுவேன். படித்துப் பார்த்துக் கிழித்துப் போடுவேன். இந்தத் தடவை கிழிக்க விடாதே என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நான் திருநெல்வேலி டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் நிறுத்துக் கட்டும் வேலையில் இருந்தேன். ஒருநாள் மத்தியானம், எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி இணைப்புக் கொடுத்தவர் கடைக்கு வந்தார். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பதும் அவர்தான்.

"அண்ணாச்சி, ஒரு படம் எடுக்கப் போறோம். நீங்கதான் கதை வசனம்."

"யாரு, நீ படம் எடுக்கப் போறியா?"

"என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேட்டுட்டிய? முன்னூறு கல்யாணம் எடுத்திருக்கேன். அதுல இல்லாத சண்டையா, அழுகையா?"

என்ன படம் என்று கேட்டேன். நாய் வளர்ப்பது பற்றி என்றார். அந்த வருஷம் எங்கள் பக்கம் நாய்க்கடி அதிகம். ஆளாளுக்கு வாசலுக்கு ஒரு நாயை வாங்கிக் கட்டுவார்கள். குரைத்துத் தொந்தரவு என்றால் அவிழ்த்துத் தெருவில் விட்டுவிடுவார்கள். மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர், இதை ஜனங்களுக்கு நோட்டீஸ் அடித்துச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அரை மணி நேரக் கதையாக எடுத்து ஞாயிற்றுக்கிழமை கேபிளில் போடுவோம் என்று சொல்லியிருக்கிறார்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கல்லாவில் இருந்த முதலாளி, "எழுதும்வே, நல்ல காரியம்லா" என்றார். சரி என்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூஜை முடிந்தபின், என் வீட்டில் பத்தமடைப் பாயை விரித்து நான், கேபிள்காரர், டாக்டர் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கேபிள்காரருக்கு ஒரு பாட்டு வேண்டும், ஒரு சண்டை வேண்டும்.

"நாய்க்குத் தடுப்பூசி போடுத படத்துல சண்டை எங்கனவே வரும்?" என்றேன்.

"ஊசி போட நாயப் புடிக்கணும்லா? அதான் சண்டை."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வெளியூர்க்காரர், எங்கள் பேச்சு பழகாதவர். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஊசி போடணும், கட்டி வளர்க்கணும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒண்ணு இருக்கு. நாய் ஒருத்தரைக் கடிச்சிட்டா, அந்த நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்கணும். பத்து நாள் கழிச்சும் அது நல்லா இருந்தா, கடிபட்டவங்களுக்குப் பயமே இல்லை. ஆனா நம்ம ஆளுங்க என்ன செய்றாங்க? அடிச்சுக் கொல்றாங்க, இல்லைன்னா எங்கயாவது கொண்டு விட்டுடறாங்க. கடிபட்டவங்க கதி? கதை இதைச் சுத்தித்தான் இருக்கணும். நாய்க்காரன் என்ன தப்பு செய்வான்னு நீங்க யோசிச்சு எழுதுங்க."

எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தத் தப்பை ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானே செய்திருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. அந்த வருஷம் மாட்டாஸ்பத்திரியில் இலவசமாக ஊசி போட்ட நாளும் கோயில் கொடையும் ஒரே நாளில் வந்தன. நான் கொடைக்குப் போனேன். அங்கே பூசாரியிடம் ஒரு கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கிவந்து நாயின் கழுத்தில் கட்டினேன். அம்மன் பார்த்துக்கொள்வாள், ஊசி எதற்கு என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த வீட்டு அக்கா பூக்கட்டுகிறவள். விடியும் முன்னே தாமிரபரணியில் முங்கிக் குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்து கோயிலுக்கு மாலை கட்டுவாள். தினமும் என் பூஜைக்கு ஒரு முழம் பூவை வாழை இலையில் சுற்றிக்கொண்டு வந்து தருவாள். வரும்போது நாய்க்கு ஒரு துண்டு கருப்பட்டி கொண்டுவருவாள். அந்த நாய்க்குக் கருப்பட்டி என்றால் உயிர். அன்று அது தின்றுகொண்டிருந்த தட்டு வழியில் கிடந்தது என்று, அவள் குனிந்து பைய நகர்த்தினாள். அவ்வளவுதான். வலது மணிக்கட்டைக் கவ்விவிட்டது.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நாயைக் கட்டிப்போட்டுப் பாருங்கள், பத்து நாளில் வந்து சொல்லுங்கள் என்றார்கள். அவள் வீட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். "இன்னைக்கு விடுதேன். அந்தச் சவத்து நாய்க்கு எதாவது இருந்துச்சுன்னு வையி, ஒன்னையும் சேத்துக் கட்டிருவேன்" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாய்க்கு நிஜமாகவே வெறி இருந்தால்? கயிறு கட்டின என் பெருமை ஊர் முழுக்கச் சந்தி சிரிக்கும். போலீஸ் வரும். மறுநாள் மத்தியானம், தெரு உறங்கும் நேரத்தில், கருப்பட்டித் துண்டைக் காட்டி நாயைச் சாக்குக்குள் நுழையவைத்தேன். சைக்கிள் கேரியரில் கட்டிப் பத்தமடை வரைக்கும் மிதித்தேன். கோரை விளைந்து கிடந்த ஓர் ஓடைக்கரையில் அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வீட்டுக்கு வந்து, அதை வாசலில் கட்டியிருந்த கயிற்றை அரிவாள்மணையில் அறுத்து, அறுத்த முனையைக் கல்லில் வைத்துத் தேய்த்தேன். நாயே இழுத்து அத்துக்கொண்டு ஓடினது போல இருக்க வேண்டுமே. என் மனைவி அடுப்படியில் நின்று பார்த்தாள்.

அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் கயிற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பினார்.

நாய் இல்லை என்றதும் ஆஸ்பத்திரியில் ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாள், பதினாலு ஊசி. வயிறு வீங்கி, சேலைக் கொசுவத்தைச் செருக முடியாமல் கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதோடு போயிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். ஊசி போட்டாலும் ஏழு வருஷம் கழித்தும் வெறி வரும், தண்ணீரைக் கண்டாலே தொண்டை அடைக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஆற்றுக்குப் போகவில்லை. ஆற்றைப் பார்த்துத் தனக்குப் பயம் வந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வாள். தண்ணீர் குடிக்கும்போது மடக்கு மடக்காகக் குடித்து, இறங்குகிறதா என்று தொண்டையைத் தடவிப் பார்ப்பாள். அடுத்த வீட்டிலிருந்து இதையெல்லாம் நான் பார்த்தேன்.

கடித்து மூன்று மாதம் ஆகியிருக்கும். தங்கை மகள் கல்யாணத்துக்குப் பாய் வாங்கப் பத்தமடைக்குப் போனேன். பஸ் விட்டு இறங்கின இடத்தில், டீக்கடை பெஞ்சுக்கு அடியில், செவலை படுத்திருந்தது. கழுத்தில் அதே கறுப்புக் கயிறு. என்னைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து காலைச் சுற்றியது. பிறகு கடை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்தது. நான் அங்கேயே நின்று கும்பிட்டேன். அக்காவுக்கு ஒன்றும் வராது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பி நேரே கோயிலுக்குப் போனேன். நெய்விளக்குப் போட்டு, அம்மனிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி அழுதேன். மனசு லேசாகிவிட்டது. அந்த லேசுதான் என்னைக் கெடுத்தது. அம்மனிடம் சொல்லியாயிற்று என்ற நிம்மதியில், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஐந்து வருஷம் இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் அவள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். அந்த அர்ச்சனைத் தட்டில் இருந்த பூவும் அவள் கட்டிக் கொடுத்ததுதான்.

கதைக்கு வருகிறேன். டாக்டர் சொல்லிவிட்டுப் போன அந்த வாரம், கடை சாத்தி வந்து இரண்டே நாளில் எழுதி முடித்தேன். பேர் இல்லாத கதைதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். சாக்கு, கருப்பட்டி, அரிவாள்மணை, கல்லில் தேய்த்த கயிறு, எல்லாவற்றையும் எழுதினேன். எழுதும்போது ஒரு ருசி இருந்தது. அந்த ருசியை இங்கே மறைக்க நான் விரும்பவில்லை. நாடகக்காரன் புத்தி.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கேபிள்காரர் வந்தார், பின்னாலேயே டாக்டர். அவர்களுக்குப் பின்னால், தலையை முடிந்துகொண்டு, அடுத்த வீட்டு அக்கா.

"கடி வாங்குத பொம்பளையா நடிக்க ஆள் கெடச்சாச்சு அண்ணாச்சி" என்றார் கேபிள்காரர். "அனுபவஸ்தி. டாக்டர் கேட்டதும் ஒத்துக்கிட்டாவ."

"எனக்கு வந்த பயம் இன்னொருத்திக்கு வரக்கூடாதுல்லா தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நோட்டு எங்கே என்று தேடுவதுபோல உள்ளே போனேன். என் மனைவி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஒளிக்கவா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த ஐந்து வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசிய ஒரே பேச்சு அது. அதற்குள் கேபிள்காரர் உள்ளே கை நீட்டி, "குடுங்க மதினி, நான் படிக்கேன், இவரு படிச்சா கோயில்ல பாடுத மாதிரி இருக்கும்" என்று வாங்கிப் போய்விட்டார்.

நல்ல குரலில் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். சாக்கு வந்தபோது டாக்டர், "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "அந்தக் கருப்பட்டி! எப்பிடி அண்ணாச்சி ஒங்களுக்குத் தோணுது?" என்று கேபிள்காரர் நிறுத்திக் கேட்டுவிட்டு மேலே படித்தார். கயிற்றைக் கல்லில் தேய்க்கும் இடம் வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கை என் கண்ணில் பட்டது. வலது மணிக்கட்டை இடது கையால் மூடிப் பிடித்திருந்தாள்.

"நிப்பாட்டுங்க" என்றாள்.

கேபிள்காரர் நிறுத்தினார். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"தம்பி, அந்த நாய் பெறவு என்ன ஆச்சு? உசிரோட இருந்துச்சா?"

நான் எழுதியிருந்த கதையில் அது இல்லை. சொன்னேன்: "இருந்துச்சுக்கா. பத்தமடையில பாத்தேன்."

டாக்டர் புரிந்துகொண்டார். அவர் முகம் மாறிவிட்டது, ஆனால் குரல் மாறவில்லை. "கடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பார்த்தீங்க?" என்றார்.

"மூணு மாசம் சார்."

"நல்லா நடமாடிச்சா? தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சுது சார். டீக்கடை வாளியில தலைய விட்டுக் குடிச்சுது."

அவர் அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அம்மா, அந்த நாய்க்கு வெறி இல்லை. உங்களுக்கு என்னைக்கும் வராது. தைரியமா இருங்க."

அக்கா மணிக்கட்டை மூடியிருந்த கையை எடுத்தாள். பிறகு, "இந்த ஒரு சொல்லுக்குத்தானே அஞ்சு வருசமா கெடந்தேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல். என்னிடம் திரும்பி, "ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே என் கையால பூ வாங்கிருக்க" என்றாள்.

நான் காலில் விழப் போனேன். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கேபிள்காரர் பாவம், நல்ல மனசுக்காரர், நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். "சரி, விடுங்கக்கா. படத்துல கடைசியில இவரு ஓடி வந்து உண்மையச் சொல்லுதாரு, நீங்க மன்னிச்சிருதிய, நாய் வந்து ஒங்க கைய நக்குது, அப்பிடி முடிச்சிருவோம். பாக்குத சனமே அழுதுரும்."

"மன்னிச்சேன்னு எழுதாதீய" என்றாள் அக்கா. "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே." எழுந்து போய்விட்டாள்.

அந்தப் படம் எடுக்கப்படவில்லை. டாக்டர் அடுத்த வாரமே வேறு ஆளை வைத்துக் கோழி வளர்ப்பது பற்றி ஒன்று எடுத்தார் என்று கேள்வி.

மறுநாள் விடியும் முன்னே அடுத்த வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோளில் மாற்றுச் சேலையோடு அக்கா தனியாக ஆற்றுப் பக்கம் நடந்தாள். தெருமுனையில் ஒரு தடவை நின்றாள். திரும்பிவிடுவாளோ என்று பயந்தேன். பிறகு போனாள். வெயில் ஏறும் நேரத்தில் ஈரத் தலையோடு திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து மாலை கட்டினாள். எனக்குப் பூ வரவில்லை. அன்றிலிருந்து நான் கடைத்தெருவில் பூ வாங்குகிறேன்.

அவள் வீட்டுக்காரர் அதன் பிறகு என்னைக் கண்டால் மறுபக்கம் போவார். கம்போடு வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சில வருஷம் கழித்து அவர்கள் மகன் வேலை பார்க்கும் ஊருக்குக் குடிபோனார்கள். சாமான்களை ஏற்றின வண்டி நிற்கும்போது, அக்கா என் வாசலுக்கு வந்து படி ஏறாமல் நின்றாள். அத்தனை வருஷத்தில் பேசாதவள் பேசினாள்.

"அந்தக் கதைய வச்சிருக்கியா?"

"இருக்குக்கா."

"எழுதணும்னா எழுது. நாய் வளக்குதவன் நாலு பேரு படிக்கட்டும். ஒன்னைய நல்லவனா ஆக்கிராத. என்னையும் ஆக்கிராத."

அவள் சொன்னபடி எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆகிவிட்டது. இதைப் படித்தவர்கள், நாய் வளர்க்கிற யாரிடமாவது சொல்லுங்கள். கடித்துவிட்டால் அடிக்காதே, ஒளிக்காதே, கட்டிப்போட்டுப் பத்து நாள் பார், பார்த்ததைப் போய்ச் சொல் என்று சொல்லுங்கள். என் கதையையும் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கடைசியில் அக்கா மன்னித்தாளா என்றுதான் கேட்பார்கள். இரக்கப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை அப்படியே சொல்லுங்கள்.