பாலில் போடாத பூ

இந்த ஊரில் பூவுக்கும் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். செப்டம்பர் மாதம். மரங்கள் இலையை உதிர்க்கத் தயாராகிக்கொண்டிருக்கும் நேரத்தில், கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில், ஈர மண்ணைப் பிளந்துகொண்டு ஊதாப் பூக்கள் வந்து நின்றன. ஓர் இலை கிடையாது. தண்டு என்று சொல்லிக்கொள்ளவும் எதுவும் கிடையாது. சட்டை போட மறந்து வாசலுக்கு வந்துவிட்ட ஆள் மாதிரி வெறும் பூ மட்டும். ஒரு நாளாவது நான் தண்ணீர் ஊற்றியிருப்பேனா? அந்த வேலையை லண்டன் வானமே பார்த்துக்கொண்டது. தோட்டம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, குப்பைத்தொட்டிகளுக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் போக மிச்சமிருக்கும் மண்தான் அது.

அந்தப் பூ அங்கே வந்ததற்குக் காரணம் என் அம்மா. என் மனைவி கயல் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். மூலனூரிலிருந்து அம்மா தினமும் வீடியோ காலில் வருவாள். முதல் கேள்வி, "கண்ணு, பாலுல குங்குமப்பூ போட்டுக் குடுத்தியா?" மருமகள் எப்படி இருக்கிறாள் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். குங்குமப்பூ குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் தைரியத்தில் மரபணு, நிறமி என்று அம்மாவுக்கு ஒரு நாள் பாடமே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ படிச்சது கம்ப்யூட்டரு. புள்ளை பெத்தது நானு" என்றாள். சரி, தொலையட்டும் என்று ஈஸ்ட்ஹாம் கடையில் ஒரு சின்ன டப்பா வாங்கிக் காட்டினேன். "இது சாயம் முக்கின சோள நாரு. உன்ற தலையில கட்டிப்புட்டான்" என்றாள்.

கயல் இன்னொரு பக்கம். "ஏங்க, அத்தை கறுப்பு, நீங்க கறுப்பு, நான் உங்க ரெண்டு பேத்தையும் விடக் கறுப்பு. பாலைக் குடிச்சா புள்ளை யாராட்டம் வரும்னு நெனைக்கறாங்க? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா ஜீனாட்டமா? அப்பறம் ஊரு என்னயத்தான் கேள்வி கேக்கும்!" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பே இல்லை.

இருவருக்கும் நடுவில் மூச்சு முட்டிய நேரத்தில்தான், குங்குமப்பூச் செடி இங்கேயும் வளரும், க்ரோகஸ் என்ற பூச்செடியில் இலையுதிர் காலத்தில் பூக்கும் ஒருவகை அது என்று படித்தேன். நாமே வளர்த்துவிட்டால் சாயம், சோளநார் என்ற பேச்சே வராது. சந்தையில் ஒரு கடையின் கூடையில் 'ஆட்டம் க்ரோகஸ்', அதாவது இலையுதிர்கால க்ரோகஸ், என்று எழுதிப் போட்டிருந்தது. பெரிய வெங்காயம் அளவுக்குக் கிழங்குகள். அந்தப் பெயரில் வேறு செடியும் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாங்கி வந்து நட்டேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ற பையன் லண்டன்ல குங்குமப்பூ வெள்ளாமை பண்றான்" என்று வீதி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பூத்ததும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த முதல் ஆள் ஜீன். தனியாக இருக்கும் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. "லவ்லி! என்ன விசேஷம்?" என்றார். பிறக்கப்போகும் குழந்தையின் நிறத்துக்காக என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் எங்கள் கதவைத் தட்டி, சுவருக்கு அடிக்கும் பெயின்ட் நிற அட்டை ஒன்றைக் கொடுத்தார். அதில் இளம் ஊதாவைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. "குழந்தையின் அறைக்கு இதுதான் பொருத்தம்" என்றார். நான் சொன்னது சுவரை அல்ல, குழந்தையின் தோலை என்று எப்படி விளக்குவது? கறுப்பு எங்களுக்கே ஆகாது என்பதை எந்த இங்கிலீஷில் சொல்வது? நன்றி சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டேன். எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் கண் முன்னால் பூவைப் பறித்துப் பாலில் போட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். "ஒரு தடவை குடிச்சுத் தொலைக்கறேன். இதோட இந்தப் பேச்சு முடியட்டும்" என்று கயலே பாலைக் காய்ச்சி, டம்ளரோடு பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். போனில் அம்மா. நான் குந்தி உட்கார்ந்து ஒரு பூவைப் பறித்து இதழை விரித்தேன். உள்ளே மூன்று சிவப்பு நார் இருக்க வேண்டும். இல்லை. வெளுத்த நார்கள்தான் இருந்தன. அவற்றைச் சுற்றி மஞ்சளாக மகரந்தப் பைகள். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆறு.

மூளைக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் காட்டில் போடும் வெள்ளாமை கண்வலிக்கிழங்கு. செங்காந்தள் என்று பாடப்புத்தகத்தில் படிப்பீர்களே, அதுதான். விதை மருந்துக்குப் போகும். வண்டை நம்பினால் காய் போதாது என்பதால் ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொரு பூவில் ஆள் வைத்துத் தடவுவார்கள். அம்மாவும் அப்பாவும் அந்தக் கூலிக்குப் போவார்கள். பள்ளிக்கூடம் போகும் முன் நானும் போவேன். அந்தப் பூவிலும் இதேபோல ஆறு பைகள். கிழங்கு, விதை, தண்டு எல்லாமே விஷம். "கெழங்கைத் தின்னுட்டா" என்று ஒருத்தியைப் பற்றி எங்கள் ஊரில் சொன்னால், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

"கயல், உன் போன்ல இந்தப் பூவைக் கொஞ்சம் தேடு" என்றேன். தேடினாள். க்ரோகஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, இது க்ரோகஸே அல்ல. கண்வலிக்கிழங்கின் பங்காளி. அதே விஷம். அவள் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னாச்சு? ஏன் ரெண்டு பேரும் பேச மாட்டீங்கறீங்க?" என்றாள் அம்மா.

"அம்மா, இது குங்குமப்பூ இல்ல. நம்ம கண்வலிக்கிழங்கு ஜாதி."

எத்தனையோ டாக்டர் பேச்சைக் கேட்காத அம்மா, இதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. "கையக் கழுவுடா!" என்று போன் அதிரக் கத்தினாள். "சோப்புப் போட்டுக் கழுவு. நகக்கண்ணுல இருக்கும். அந்தப் பாலைக் கொட்டு. அம்மிணி, நீ எந்திரிச்சு உள்ள போ!" கழுவிவிட்டு வந்தபோது போனில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "குங்குமப்பூவும் வேண்டா, ஒரு கருமமும் வேண்டா சாமி. புள்ளை எந்த நெறத்துலயாவது வரட்டும். உசுரோட வரட்டும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்கத்தை" என்றாள் கயல். அம்மா திட்டக்கூட இல்லை.

சாயங்காலமே கையுறை போட்டுக்கொண்டு கிழங்குகளைத் தோண்டினேன். தவழப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை எப்படி விட்டுவைப்பது? ஜீன் பதறிக்கொண்டு வேலிக்கு வந்தார். விஷம் என்றேன். "ஆமாம், தெரியுமே" என்றார், மழை வருகிறது என்று சொல்வதுபோல. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "பூவை யாராவது சாப்பிடுவார்களா, டியர்?" என்றார். இந்த ஊரோடு நான் போடும் சண்டையெல்லாம் இப்படித்தான் முடிகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், எனக்கு மட்டும் தலைவலி இருக்கும். கொட்டிவிடாதே, எனக்குக் கொடு என்றார். வேரோடும் பூவோடும் தூக்கிக் கொடுத்தேன். தன் பக்கத்துச் சுவரோரம் வரிசையாக நட்டுக்கொண்டார். இடம் மாறியதாகவே காட்டிக்கொள்ளாமல் அவை நின்றன.

இரண்டு நாள் கழித்து அம்மா கேட்டாள், "அந்தப் பூவத் தூக்கிப் போட்டுட்டியா? பாக்க நல்லாத்தான் இருந்துச்சு." வேலியோரம் கிடந்த செங்கல் மேல் ஏறி, வேலிப் பலகையில் வயிற்றை அழுத்திக்கொண்டு போனை அந்தப் பக்கம் நீட்டினேன். செடிகளுக்கு நடுவிலிருந்து ஜீன் நிமிர்ந்து கையாட்டினார். "நல்லா இருக்கீங்களா அம்மிணி?" என்றாள் அம்மா. "லவ்லி, லவ்லி" என்றார் ஜீன். ஒருத்தி பேச்சு ஒருத்திக்குப் புரியாமல் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். "இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு கண்ணு" என்றாள் அம்மா. கை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம். கையை இழுத்தால் அம்மாவுக்குப் பூ தெரியாது. இன்னும் எட்டினால் செங்கல் சரிந்துவிடும். பலகை விலாவில் குத்த, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தேன்.