சின்சியர் என்ற சொல்லும் சரோஜா மேடமும்

சரோஜா மேடம் காலமாகிவிட்டார் என்று போன வாரம் நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் நான் இரங்கல் எழுதவில்லை. அவர் எண்ணுக்கே அழைத்தேன். மகன்தான் எடுத்தான். "ஆமாங்க மேடம், காலையிலதான்" என்றான். எதையும் விசாரிக்காமல் நம்பாத ஒருவரோடு பல வருடம் ஒரே ஆங்கிலத் துறையில் இருந்த பழக்கம்.

அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், பால்காரர் முதல் பிரின்சிபால் வரை அவருடைய சந்தேகத்துக்குத் தப்பியவர் இல்லை. செங்கம் ரோட்டில் தியான வகுப்பு நடத்திவந்த முரளியும் தப்பவில்லை. என் வீட்டு மாடியை முரளிக்கு வாடகைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தேன். மேடத்தையும் ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப் போனேன். அன்று முரளி 'சின்சியர்' என்ற சொல்லை விளக்கினார். லத்தீனில் 'சினே சேரா', அதாவது மெழுகு இல்லாமல். ரோமில் சிற்பிகள் சிலர் பளிங்கில் விழுந்த விரிசலை மெழுகால் மறைப்பார்களாம். நேர்மையானவன் 'மெழுகு இல்லை' என்று சொல்லி விற்பானாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் மேடம், "ரொம்ப அழகா இருக்குது. அதான் இடிக்குது" என்றார்.

மறுநாள் நூலகத்தில் பெரிய அகராதியை என் முன் விரித்தார். மூலச்சொல் 'சின்செருஸ்'. சுத்தமான, கலப்பில்லாத என்று பொருள். மெழுகுக் கதைக்கு ஆதாரமில்லை.

"ஒரு வார்த்தையிலயே கதை வுடுறாரு. மாடியக் குடுக்காதீங்க."

நான் கொடுக்கவில்லை. முரளி காரணம் கேட்காமல் அடி அண்ணாமலையில் ஒரு சிறிய வீடாகப் பார்த்துப் போய்விட்டார். மேடம் அதோடு விடவில்லை. வேலூரில் முரளி முன்பு குடியிருந்த வீட்டுக்கே போய் விசாரித்தார். படுக்கையில் கிடந்த தன் கணவருக்குக் கடைசிவரை சோறு ஊட்டியது முரளிதான் என்றாராம் வீட்டுக்காரம்மா. "அவர் மேல உங்களுக்கு இன்னா சந்தேகம்?" என்றும் கேட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் அடி அண்ணாமலைக்குப் போனார். முரளி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்களப் பத்தித் தப்பாப் பேசிட்டேங்க. மாடி கிடைக்காம போனது என்னாலதான். ஆனா அந்த மெழுகுக் கதை நிஜமில்ல."

"எங்க வாத்தியார் சொன்னதுங்க. இனிமே சொல்லக் கூடாதா?" என்றார் முரளி.

"சொல்லுங்க. கதைன்னு சொல்லிட்டுச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் மேடம் திடீரென்று, "அந்த வேலூர் அம்மா முரளிக்குச் சொந்தக்காரங்களான்னு கேக்க மறந்துட்டேன்" என்றார்.

பிறகு கேட்டாரா, தெரியாது. அவருடைய சந்தேகங்களில் பாதி எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைவிட நான் பத்திரமாக வைத்திருப்பது, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "தப்பாப் பேசிட்டேங்க" என்று சொன்ன அந்தக் குரலை.